சீட்டைக் கழற்றின பிறகும் உட்கார்ந்திருந்தவர்கள்

அளத்துப்பட்டியில் உப்புக்காற்று தின்னாத இரும்பு கிடையாது. ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் ரிம்மைத் தின்னும், ஒன்றும் கிடைக்காத நாளில் கதவுத் தாழ்ப்பாளை நக்கிக்கொண்டு கிடக்கும். அப்படித்தான் உப்பள மேஸ்திரி எபநேசரின் தொண்ணூற்று நான்காம் வருஷத்து வெள்ளை அம்பாசிடருக்கு அடியிலும் அது புகுந்து, முப்பது வருஷம் அவசரமில்லாமல் தின்று, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில், அவர் மனைவி ஜெபக்கனியின் இடது செருப்பு நழுவி நடுரோட்டில் விழுகிற அளவுக்குத் தரைத் தகட்டில் ஓட்டை போட்டுவிட்டது.

"செருப்பு விழுந்துட்டு" என்றாள் ஜெபக்கனி.

எபநேசர் வண்டியை நிறுத்தினார், இறங்கிப் போய் எடுத்து வந்து கொடுத்தார், மறுபடி வண்டியை எடுத்தார். அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் அந்த ஒற்றைச் செருப்பை வைத்து ஒரு வாரம் பேசிச் சிரித்திருப்பார்கள். இந்த வீட்டில் முடியாது, ஏனென்றால் இவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் ஒருவரோடொருவர் பேசிப் பதினோரு வருஷமாகிறது.

தட்டு பறக்கிற சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், அதெல்லாம் பேசுகிறவர்கள் போடுகிற சண்டை. இங்கே "சோறு எடுத்து வச்சிருக்கு" என்று ஜெபக்கனி அடுப்படிச் சுவரிடம் சொல்வாள், "நாளைக்கு விடியமுன்னே அளத்துக்குப் போகணும்" என்று எபநேசர் சட்டை மாட்டுகிற ஆணியிடம் சொல்வார், சுவரும் ஆணியும் கேட்டதை உரிய ஆளிடம் ஒப்படைத்துவிடும். ஆனால் காருக்குள் இந்த ஏற்பாடு செல்லாது. எபநேசர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷர். இடது பக்கமாக ஏறி வருகிற உப்பு லாரியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதைச் சுவரிடம் சொல்லி அது வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். ஆகவே காருக்குள் மட்டும் பேச்சு உண்டு. லாரி வருது. மாடு நிக்கி. இப்பம் போகலாம். கதவைச் சாத்தினால் பேச்சு ஆரம்பம், கதவைத் திறந்தால் பேச்சு முடிந்தது, அதுவும் ரோட்டுப் பேச்சு மட்டும்.

காரணம் ஒரே ஒரு கேள்வி. பதினோரு வருஷத்துக்கு முன்னால், பஸ் ஸ்டிரைக் நடந்த ஒரு நாளில், ஜெபக்கனியின் தங்கச்சி எஸ்தர் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ரொம்ப முடியாமல் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது. ஜெபக்கனி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இந்தக் காரின் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எபநேசர் சாவியைத் திருப்பினார், இறங்கி பானெட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார், "ஓடல" என்றார். காலையில் ஏறின சீட்டிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவள் இறங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, "அக்கா வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே எஸ்தர் போய்ச் சேர்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் அதே வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பிற்று. அன்றைக்கு வண்டி உண்மையிலேயே ஓடவில்லையா? இதைத்தான் ஜெபக்கனி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயத்தில் பதினோரு வருஷமாகக் கேட்கவில்லை.

செருப்பு விழுந்ததற்கு மறுநாள் எபநேசர் வண்டியை டிங்கர் மாசானமுத்துவின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். தகடு மாற்ற வேண்டுமென்றால் முன் சீட்டு இரண்டையும் கழற்றியாக வேண்டும். மாசானமுத்து சீட்டை முன்னால் தள்ளிப் பின் போல்ட்டு இரண்டைக் கழற்றுவார், பின்னால் தள்ளி முன் போல்ட்டு இரண்டைக் கழற்றுவார், அதுதான் முறை. ஆனால் இந்தச் சீட்டுகள் ஓடுகிற தண்டவாளம் துருப்பிடித்து இறுகி, முன்னாலும் போகமாட்டேன் பின்னாலும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்க, இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கம்பி கொடுத்து நெம்பி, மாமன் மச்சான் உறவெல்லாம் சொல்லித் திட்டி, மூன்றாம் நாள்தான் வெளியே எடுத்தார். எடுத்த சீட்டுகளைப் பூவரச மரத்தடியில் போட்டார். டிரைவர் சீட்டில் அன்றைக்கே ஒரு கோழி முட்டை போட்டது. சனிக்கிழமை புதுத் தகட்டைப் பற்றவைத்துத் தார் பூசி, "திங்கக்கெழம காஞ்சிரும் அண்ணாச்சி, அதுக்குப் பொறவு சீட்டப் பூட்டிரலாம்" என்று எபநேசரிடம் சொன்னார்.

எபநேசர் இதை ஆணியிடம் சொன்னார். சொன்ன நேரத்தில் ஜெபக்கனி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆணிக்குக் கொல்லை வரைக்கும் குரல் எட்டாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபக்கனி கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலை கட்டி, பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டி பட்டறையில்தானே நிற்கிறது, அங்கே போய் ஏறிக்கொள்வோம் என்று நடந்தாள். பின்னாலேயே வந்த எபநேசர் அவள் இடது கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டார். ஐயோ, சீட்டு இல்லையே, விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வாளே! கத்தலாம் என்றால் கத்த முடியாது, வெளியே பேச்சு கிடையாதே. பேச வேண்டுமென்றால் காருக்குள் போனால்தான் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டினார், ஓடினார், வலது கதவைத் திறந்து தானும் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

சாத்திவிட்டு, சொல்ல வந்தது என்னவென்று மறந்துபோனார்.

"எடது பக்கம் ஒண்ணுமில்ல, போகலாம்" என்றாள் ஜெபக்கனி.

எபநேசர் வண்டியை எடுத்தார். டீ கிளாஸோடு பூவரச மரத்தடியில் நின்ற மாசானமுத்து, தான் கழற்றிப்போட்ட இரண்டு சீட்டையும் பார்த்தார், போகிற காரையும் பார்த்தார். சீட்டுகள் இங்கே இருக்கின்றன, சீட்டில் உட்காருகிறவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு போகிறார்கள். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு யோசித்தார்.

கோயில் வாசலில் கதவைத் திறந்து இறங்கும்போதுதான் ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். கறுப்பாகத் தார் பூசின வெறும் தரை. "ஏ யம்மா!" என்று வாயில் கை வைத்தவளுக்குப் பயம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் இறங்கின எபநேசரும் குனிந்து பார்த்தார், அவருக்கும் உதடு துடித்தது, ஆனால் கதவு திறந்தாகிவிட்டதால் சிரிப்பைப் பங்குபோட வழியில்லாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். பக்கத்து வீட்டு ரத்தினபாய் பிரசங்கத்தைக் கேட்காமல் ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்ததும் சபை மொத்தமும் வெளியே வந்து வரிசையாக நின்று பார்க்க, இருவரும் கதவைத் திறந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒன்றுமே இல்லாத இடத்தில் முதுகு நிமிர்ந்து ஒழுங்காக உட்கார்ந்தார்கள், போனார்கள்.

"முட்டு வலிக்காதாக்கா?" என்று மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ரத்தினபாய் கேட்டாள்.

"எதுக்கு வலிக்கணும்? எப்பமும் உக்காருத மாதிரிதான் இருக்கு."

இந்தப் பதில் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஆச்சரியப்படுகிற வேலையை ஊர் ஒரே நாளில் முடித்துக்கொண்டது, அதற்கு மேல் அதற்கு நேரமில்லை. வண்டியை வாரநாளில் பட்டறையிலேயே விட்டுவைக்கும்படி எபநேசரிடம் கேட்டுக்கொண்டு, தானும் உட்கார்ந்து பார்க்க வரிசை கட்டிற்று. தனி ஆளாக ஏறினவர்களெல்லாம் விழுந்தார்கள். ஜோடியாக ஏறினவர்களும் விழுந்தார்கள். டீக்கடைப் பெரியநாயகமும் அவர் சம்சாரம் லிங்கக்கனியும், நாள் பூராவும் ஓயாமல் பேசி ஒற்றுமையாக இருக்கிற ஜோடி, கதவைச் சாத்துவதற்கு முன்னாலேயே தொப்பென்று விழுந்து, அப்போதும் பேசிக்கொண்டேதான் கிடந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து, கையைக் கோத்தபடியே விழுந்தார்கள். வரப்புத் தகராறில் ஏழு வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரை ஊரார் இழுத்து வந்து ஏற்றியபோதுதான் அதிசயம்: அவர்கள் உட்கார்ந்தார்கள். ஒன்று, இரண்டு என்று ஊர் எண்ண ஆரம்பித்து ஏழு வரைக்கும் வந்தது. எட்டாவதில் தம்பி, "அன்னைக்கு அம்மா சேலையை நீதான எடுத்தே?" என்று கேட்டான், இருவரும் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே கட்டிப் புரண்டார்கள், பிறகு அழுதார்கள், பிறகு ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள்.

ஊருக்கு இது பழகிப்போயிற்று. பூவரச மரத்தடியில் கிடந்த சீட்டுகள் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உட்காருகிற இடமாயின, கோழி மட்டும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, குனிந்து, நிமிர்ந்து, நெடுநேரம் தாடையைத் தடவிவிட்டு, "பெல்ட்ட மட்டும் போட்டுக்கிடுங்க" என்று அனுப்பிவைத்தார். கோயில் கமிட்டி கூடி, இது அற்புதமா இல்லையா என்பதை 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் எடுத்துப் பேசி, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்து, அதுவரைக்கும் அந்த வண்டிக்கு வேப்பமர நிழலில் தனி இடம் ஒதுக்கிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டோ பிடித்து ஆட்கள் வந்தார்கள். தார் காய்ந்து பல நாளாயிற்று, சீட்டைப் பூட்டலாமா என்று மாசானமுத்து கேட்டபோது ஊரே அவர் மேல் பாய்ந்தது. "எதுக்குவே பூட்டணும்? நல்லாத்தான போய்க்கிட்டு இருக்கு!"

ஜெபக்கனிக்கு மட்டும் இது பழகவில்லை. வண்டி ஓடும்போது கையை மெள்ளத் தனக்கு அடியில் விட்டுப் பார்ப்பாள். ஒன்றும் தட்டுப்படாது, ஆனால் இப்போதுதான் யாரோ எழுந்துபோன இடம் மாதிரி ஒரு சூடு இருக்கும். பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்த்தாள், அது நேரே தரையில் விழுந்தது. கைக்குட்டை விழுந்தது, எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டு பிரேக்குக்கு அடியில் போனது, எபநேசர் காலால் ஒதுக்கிவிட்டார். எல்லாம் விழுகிறது, நான் மட்டும் ஏன் விழவில்லை? ராத்தூக்கம் போகிற அளவுக்கு இந்த யோசனை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பட்டறைக்குப் போய் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மாசானம், நீ சொல்லு. எங்க ரெண்டு பேரையும் தாங்குதது என்னது?"

மாசானமுத்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு என்னக்கா தெரியும், நான் தகரம் தட்டுதவன்" என்றார். அப்புறம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணனும் தம்பியும் ஏழு எண்ணுத வரைக்கும் இருந்தானுவல்லா, கேக்க வேண்டியதக் கேட்ட ஒடனே விழுந்துட்டானுவ. கேக்காமப் போட்டு வச்சிருக்குத சாமான் எதுவோ ஒண்ணுதான் தாங்குது போல. நீங்க எதையும் கேட்டுக்கீட்டுத் தொலைச்சிராதீய. ஓடுத வண்டியில விழுந்தா இடுப்பு தேறாது."

அவர் பகடியாகத்தான் சொன்னார். ஜெபக்கனி சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அப்படியென்றால் பதினோரு வருஷமாக நான் சீட்டிலா உட்கார்ந்திருந்தேன்? எஸ்தர் மேலே அல்லவா உட்கார்ந்திருந்திருக்கிறேன். நானும் இந்த மனுஷரும், ஆளுக்கொரு பக்கம், என் தங்கச்சியின் மேலே உட்கார்ந்துகொண்டு, லாரி வருது, மாடு நிக்கி என்று பேசிக்கொண்டு. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழுகையைவிடப் பெரிதாக அந்தக் கேள்வி வந்தது. கேட்டால் விழலாம். கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலோடு இந்த மனுஷரிடம் இருக்க முடியாமலும் போகலாம். கேட்காவிட்டால் ஊர் கொண்டாடும், நிழலில் இடம் கிடைக்கும், சாகிற வரைக்கும் இப்படியே ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பக்கமும் அளம், பாத்தி பாத்தியாக உப்பு வெயிலில் கண்ணைக் கூசுகிறது, உப்பு வாருகிறவர்கள் வரப்பில் நின்று இந்த வண்டிக்குக் கையாட்டுகிறார்கள். ஜெபக்கனி இடது பக்கம் பார்த்தாள், லாரி இல்லை, மாடு இல்லை, சொல்வதற்கு ரோட்டில் ஒன்றுமே இல்லை.

"மெதுவாப் போங்க" என்றாள்.

எபநேசர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னும் மெதுவா." வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது. மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அன்னைக்கு வண்டி நெசமாவே ஓடலையா?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தார், எஞ்சினை அணைத்தார், இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். காற்று வந்து வந்து கண்ணாடியில் உப்புப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தது. பிறகு அந்த வண்டி வாங்கின நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்தார்: ரோட்டை விட்டுவிட்டு, இடது பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓடுச்சு. ஓடத்தான் செஞ்சுது. நாந்தான் ஒயரப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள்ள வச்சிருந்தேன்."

அவ்வளவுதான், இருவரும் ஒரே நேரத்தில் தொப்பென்று விழுந்தார்கள். மாசானமுத்துவின் புதுத் தகடு டமாரென்று சத்தம் போட்டது. வரப்பில் நின்றவர்களுக்கு இப்போது ஜன்னலில் இரண்டு நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"ஏன்?" என்றாள் ஜெபக்கனி, விழுந்த இடத்திலிருந்தே.

"ஒரு கல்யாண வீட்டுல எல்லாரு முன்னாலயும் எஸ்தர் என்னை உப்பளத்துக் காவக்காரன்னு சொல்லிச் சிரிச்சா. ஒரு நாளு கெடந்து தவிக்கட்டும்னு ஒரு வீம்பு. நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு நெனச்சேன்." அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தடவிற்று. "நாளை வரைக்கும் இருப்பான்னு நெனச்சேன், கனி."

"பாவி!" என்று அவள் பாட்டுப் புத்தகத்தால் அவர் தோளில் அடித்தாள். "பாவி, பாவி, அடப் பாவி மனுசா! அவ வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாளே!" அடித்துக் கை ஓய்ந்ததும் எஸ்தருக்காக அழுதாள், பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாவு வீட்டில் அழாமல் மிச்சம் வைத்திருந்த அழுகை எல்லாவற்றையும் சேர்த்து அழுதாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள். கதவு திறந்தும் பேச்சு நிற்கவில்லை. ரோடு முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தாள், பத்தடி பின்னால் எபநேசர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா", "தப்புத்தான்", "ஆமா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார், கடைத்தெருவில் ஊர் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

வண்டியை மாசானமுத்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து ஓட்டி வந்தார். ஊருக்கு ரொம்ப வருத்தம். "நல்லா இருந்தத இந்தப் பொம்பள வாயக் குடுத்துக் கெடுத்துட்டா" என்றார் பெரியநாயகம். கமிட்டி அந்த விஷயத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேப்பமர நிழலைப் போதகரின் ஸ்கூட்டருக்குக் கொடுத்தது. ஜெபக்கனி அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் திட்டினாள். சோறு போடும்போது திட்டினாள், துணி மடிக்கும்போது திட்டினாள், சொல்லவேண்டியதை எல்லாம் அவரிடமே நேராகச் சொன்னாள். மன்னித்தாளா என்று குழாயடியில் ரத்தினபாய் கேட்டதற்கு, "அதெல்லாம் எனக்கே இன்னும் தெரியல" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை மாசானமுத்து கோழியைக் கிளப்பி, சீட்டுகளைத் துடைத்து, புதுப் போல்ட்டுப் போட்டு இறுக்கி, தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவி, முன்னால் தள்ளிப் பின்னால் தள்ளிக் காட்டினார். மறுநாள் விடிந்ததும் அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. எஸ்தரைப் புதைத்த இடத்துக்கு, நாகர்கோவிலுக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப வந்த மாசானமுத்து இடது கதவைத் திறந்துவிட்டு நின்றார். ஜெபக்கனி அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து ஏறி, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா? நல்லா முறுக்கித்தான் மாட்டியிருக்கேன், தைரியமா முன்னால உக்காருங்க."

"முன்னால உக்காந்தா ரெண்டு பேரும் ரோட்டத்தான் பாக்கோம்" என்றாள் ஜெபக்கனி. "நாகர்கோவில் போய்ச் சேருததுக்குள்ள நான் கேக்க வேண்டியது இன்னும் நெறைய கெடக்கு. பதில் சொல்லும்போது அவுக மூஞ்சி எனக்குத் தெரியணும்."

எபநேசர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். கையை உயர்த்தித் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியை மெள்ளத் திருப்பினார்; பின்னால் வருகிற ரோடு அதிலிருந்து விலகி, ஜெபக்கனியின் கண்கள் அதற்குள் வந்து நின்றன.

"கேளு" என்றார்.